ஆடு ஏறிய மினி பஸ்

பதினேழு பேரும் ஒரே குரலில் சொல்லி முடித்துவிட்டார்கள். நான் இன்னும் கேட்கவே இல்லை. "ஒரு ஊர்ல ஒரு ஆடு இருந்துச்சாம், அது ஒருநாள் மினி பஸ்ல ஏறுச்சாம்" என்பது வரைக்கும்தான் வந்திருந்தேன், பிறகு என்ன நடந்திருக்கும் என்று கேட்க வாயைத் திறக்கிறேன், அதற்குள் "ஆடு கண்டக்டருக்கு வணக்கம் சொன்னது, கண்டக்டர் ஆட்டுக்கு டிக்கெட் கொடுத்தார், ஆடு நன்றி சொன்னது, நாமும் எல்லோருக்கும் நன்றி சொல்ல வேண்டும்" என்று கையைக் கட்டிக்கொண்டு, தலையை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆட்டி, ராகம் போட்டு முடித்தேவிட்டார்கள். கடைசியில் முன்வரிசை சஞ்சய் என் பங்கையும் சேர்த்துக்கொண்டு "வெரி குட், எல்லாரும் கை தட்டுங்க" என்றான். தட்டினார்கள். நாலரை வயதும் ஐந்து வயதுமாக ஒரு யூகேஜி வகுப்பு, தனக்குத் தானே கை தட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறது. பின்னால் இரும்பு நாற்காலியில் எங்கள் பயிற்சி நிறுவனத்து விரிவுரையாளர் குற்றாலிங்கம் சார், மடியில் என் பாடத்திட்ட நோட்டு, கையில் மூடி திறந்த சிவப்புப் பேனா. அந்தப் பேனா இப்போது ஒரு டிக் போட்டது. இரண்டு வருடத்தில் அது எனக்கு டிக் போட்டு நான் பார்த்ததில்லை. ஜன்னலோரம் நிற்கிற வகுப்பு ஆசிரியை ஜெபக்கனி டீச்சர் என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டுகிறார். அப்போதுதான் விளங்கியது. நேற்று மத்தியானம் நான் நிறுவனத்துக்கு நோட்டைக் காட்டப் போயிருந்த நேரத்தில் இந்த அம்மாள் பிள்ளைகளை உட்காரவைத்து என் பாடத்தை மனப்பாடம் செய்யவைத்திருக்கிறார். என் கேள்விக்கு விடையையும், விடைக்குப் பிறகு நான் சொல்ல வேண்டிய வெரி குட்டையும் சேர்த்து.

கோபம் வந்தது, யார் மேல் காட்டுவது என்றுதான் தெரியவில்லை. டீச்சர் செய்தது என் மேல் உள்ள பிரியத்தில். தினமும் டிபன் டப்பா மூடியில் இரண்டு இட்லியை எனக்கென்று எடுத்துவைக்கிற மனுஷி. வெளியாள் வகுப்பைப் பார்க்க வருகிறார் என்றால் முந்தின நாள் ஒத்திகை பார்ப்பது இந்தத் தொழிலில் உள்ள வழக்கம், அதை யாரும் ஏமாற்று என்று சொல்வதில்லை, 'பிள்ளைகளைத் தயார் பண்ணுவது' என்றுதான் பெயர். விடை தெரிந்த பிள்ளை வலது கையைத் தூக்கட்டும், தெரியாத பிள்ளை இடது கையைத் தூக்கட்டும், பார்க்கிறவருக்கு வகுப்பே கை தூக்கின மாதிரி இருக்கும் என்று எனக்கு யோசனை சொன்ன சீனியர்கள் இருக்கிறார்கள். இது என் கடைசிப் பாடம். இன்றைக்கு இந்த நோட்டில் சாருடைய கையெழுத்து விழுந்தால் ஆசிரியர் பயிற்சி முடிந்தது, நான் வாத்தியார். விழாவிட்டால் அடுத்த வருடம் ஜூனியர்களோடு சேர்ந்து கற்பித்தல் பயிற்சியை முதலிலிருந்து தொடங்க வேண்டும், அப்படி ஒரு வருடத்தை வீட்டில் எனக்கு யாரும் தரப்போவதில்லை, அத்தான் ஏற்கெனவே நூல் மில்லில் சொல்லிவைத்துவிட்டார். "ஒருவேள போயிருச்சுன்னா கவலப்படாதீங்க மாப்ள, சூப்பர்வைசர்ட்ட பேசிட்டேன், நைட் ஷிப்டு" என்று போன வாரம்கூட அக்கறையாகச் சொன்னார், அந்த அக்கறையை நினைத்தாலே எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. ஒருவேளை போயிருச்சுன்னா. அவருக்கு எப்படித் தெரியும், போய்விடும் என்று? சரி, போகாது அத்தான், போகவே போகாது, பாருங்கள், டிக் விழுகிறது. நான் ஒன்றும் செய்ய வேண்டாம். சிரித்த முகமாக இன்னும் முப்பது நிமிடம் நின்றால் போதும், பிள்ளைகளே பாடத்தை நடத்திக்கொள்வார்கள். வாய் என்னவோ சிரித்துக்கொண்டுதான் இருக்கிறது. யாருடைய வாய் என்றுதான் தெரியவில்லை.

யூகேஜி எனக்குச் சீட்டுக் குலுக்கலில் விழுந்தது. ஹால் முழுக்கச் சிரிப்பு. பேரிலேயே குரு இருக்கிறது, பரமகுரு, போய் நல்லா மூக்குத் துடைத்துவிடு என்றான் ஒருவன். கூடப் படிக்கிற பெண்கள் இரண்டு பேர் பாவப்பட்டு மாற்றிக்கொள்கிறோம் என்றார்கள், ஐந்தாம் வகுப்பு அறிவியல், கௌரவமான வகுப்பு. மாட்டேன் என்றேன். ஏன் என்றால், சிரித்தார்கள், அவ்வளவுதான். உனக்கு மூளை இருக்க வேண்டிய இடத்தில் வீம்பு இருக்கிறது என்று அம்மா சொல்வாள், இருக்கட்டுமே, வீம்புக்கு வந்த இடத்தில்தானே இதைக் கண்டுபிடித்தேன். முதல் வாரம் நான் கதை சொன்னால் பாதிப் பேர் தூங்கினார்கள், மீதிப் பேர் ஒண்ணுக்குப் போனார்கள். ஒருநாள் ஆத்திரத்தில் நாற்காலிகளை இரண்டிரண்டாக இழுத்துப் போட்டு, இதுதான் மினி பஸ், யார் டிரைவர் என்று கேட்டேன், அன்றிலிருந்து கதை அவர்களிடமிருந்து வரத் தொடங்கியது. மூன்று நாளைக்கு முன்பு ஒரே ஒரு வரி சொன்னேன், ஆடு ஏறுகிறது. எங்கே போகிறது? தீப்பெட்டி ஆபீசுக்கு, வேலைக்கு, அம்மாக்கள் எல்லாரும் அங்கேதானே போகிறார்கள். குட்டி? குட்டிக்குக் காய்ச்சல், போன் வந்திருக்கிறது, ஆடு பாதி வேலையில் திரும்பி வருகிறது. கண்டக்டர் மிதுனா, தோளில் குறுக்காக என் பை, காதில் ஒரு பென்சில். எங்கே இறங்கணும்? காலனி ஸ்டாப். "காலனி ஸ்டாப்ல நிக்காது" என்றாள் மிதுனா, கண்டக்டர்களுக்கே உள்ள அந்த அலுப்போடு. பாலத்துக்கும் பிள்ளையார் கோயிலுக்கும் நடுவே காலனி ஸ்டாப் என்று போர்டு இருக்கிறது, நானே பார்த்திருக்கிறேன், மினி பஸ் அங்கே வந்ததும் நிற்பதுபோல் மெதுவாகி, நிற்காமல் போய்விடும். ஏன் என்று பெரியவர்கள் யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை, எல்லாருக்கும் தெரியும். ஐந்து வயதுக்கும் தெரிந்திருக்கிறது. அன்றைக்கு மணி அடித்துவிட்டது, எல்லாரும் வீட்டுக்குப் போனார்கள், ஆடு பஸ்ஸிலேயே இருந்தது.

அதையே கடைசிப் பாடமாக வைக்கிறேன் என்றதும் ஜெபக்கனி டீச்சர் பதறிப்போனார். "அந்தக் காலனி ஸ்டாப் பேச்செல்லாம் சார் முன்னால எதுக்கு தம்பி? வம்பு. கதைன்னா கதையா இருக்கட்டும்." கதை கதையாகத்தான் இருக்கிறது டீச்சர் என்றேன். பாடத்திட்டத்தில் ஆசிரியர் கேட்பது என்று ஒரு கட்டம், மாணவர் சொல்வது என்று பக்கத்தில் ஒரு கட்டம், இரண்டையும் முந்தின நாளே எழுதியாக வேண்டும். பிள்ளைகள் நாளைக்கு என்ன சொல்வார்கள் என்று இன்றைக்கே எனக்கு எப்படித் தெரியும்? தெரியாது. அப்படியே எழுதினேன், தெரியாது. குற்றாலிங்கம் சார் அதைச் சிவப்பில் சுழித்தார். "தெரியாதுன்னு எழுதுறதுக்கு நீ எதுக்குய்யா? நிரப்பிட்டு வா." காலையில் டீச்சர் நோட்டை வாங்கித் தானே பென்சிலால் நிரப்பித் தந்தார், நான் இருந்த அவசரத்தில் என்ன நிரப்பினார் என்று வாசித்துக்கூடப் பார்க்கவில்லை. அது என் முட்டாள்தனம், வேறு யாரையும் சொல்ல முடியாது.

இப்போது நாற்காலிகளைப் போடுகிறார்கள், நான் சொல்லாமலே. சத்தமில்லாமல், கோடு பிடித்த மாதிரி. மூன்று நாளைக்கு முன்பு இதே நாற்காலிகளுக்கு அடிபிடி நடந்தது, ஒருத்தி அழுதாள், ஒருவன் ஜன்னல் சீட்டுக்குத் துண்டு போட்டான், இன்றைக்கு யாருடைய சீட் யாருக்கு என்பது நேற்றே முடிவாகிவிட்டது. சஞ்சய் சத்துணவுத் தட்டை ஸ்டியரிங்காகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தான், ஹாரன் அடிக்கவில்லை. அவனால் ஹாரன் அடிக்காமல் இருக்க முடியும் என்று எனக்கு இன்றைக்குத்தான் தெரியும். அட்டையில் செய்த ஆட்டு முகத்தை மாட்டிக்கொண்டு இசக்கிராஜா வந்தான். "வணக்கம் கண்டக்டர் அவர்களே." அவர்களே! எந்த ஊர் ஆடு கண்டக்டரை அவர்களே என்று கூப்பிடுகிறது? மிதுனா பதில் சொல்கிறாள், "வணக்கம் ஆடே, இந்தா டிக்கெட்", சொல்லும்போது ஆட்டைப் பார்க்கவில்லை, ஜன்னலோரம் பார்க்கிறாள். அங்கே ஜெபக்கனி டீச்சரின் உதடு அசைகிறது. வ, ண, க், க, ம். அந்த உதடு. ஒன்றாம் வகுப்பில் சுதந்திர தின விழாவில் என்னைப் பேசவிட்டார்கள், எட்டு வரி, ஐந்தாவது வரியில் நின்றுபோனேன், கொடிமரத்துக்குப் பின்னால் எங்கள் டீச்சரின் உதடு அசைகிறது, எனக்கு உதட்டை வாசிக்கத் தெரியவில்லை, திரும்ப முதல் வரியிலிருந்து தொடங்கினேன், திரும்ப ஐந்தாவது வரி, திரும்ப உதடு, மூன்றாவது தடவை கூட்டம் சிரித்தது. அந்தப் பேச்சு எதைப் பற்றி என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. உதடு மட்டும் ஞாபகம் இருக்கிறது, ஓரத்தில் வெற்றிலைச் சிவப்பு. இவளுக்கும் அப்படித்தான் இருக்கப்போகிறது, இந்த மிதுனாவுக்கு, இருபது வருடம் கழித்து யாராவது யூகேஜியில் என்ன படித்தாய் என்று கேட்டால் ஜெபக்கனி டீச்சரின் உதட்டைச் சொல்வாள். "பஸ் நின்றது. ஆடு இறங்கியது. நன்றி." எந்த ஸ்டாப்பில் நின்றது? சொல்லவில்லை. காலனி என்ற சொல்லையே எடுத்துவிட்டிருக்கிறார்கள், பஸ் ஏதோ ஒரு பெயரில்லாத இடத்தில் ரொம்ப மரியாதையாக நிற்கிறது. பேனா இன்னொரு டிக் போட்டது. "கட்டுப்பாடு நல்லாருக்குய்யா" என்றார் சார், பின்னாலிருந்து, உண்மையிலேயே சந்தோஷமாக.

அந்த வார்த்தைதான். திட்டியிருந்தால்கூடப் பேசாமல் இருந்திருப்பேன். கட்டுப்பாடு நல்லாருக்கு. மூன்று நாளைக்கு முன்பு குட்டிக்குக் காய்ச்சல் என்று சொல்லும்போது மிதுனாவின் குரல் கம்மியது, அதற்குக் கட்டுப்பாடு இல்லை, அதற்கு எந்தப் பேனாவும் டிக் போடாது. இந்தப் பொய்க்குப் போடுமா? போடும், கையெழுத்தும் போடும், நானும் வாங்கிக்கொண்டு போய் வாத்தியாராகி, முப்பது வருடம் வகுப்பு வகுப்பாகப் பிள்ளைகளைத் தயார் பண்ணுவேன், ஜன்னலோரம் நின்று என் உதடு அசையும். மாட்டேன். இதை நான் யோசித்து முடிவு செய்தேன் என்று பெருமையடிக்க முடியாது. கை தானாகப் போய் இசக்கிராஜாவின் முகத்திலிருந்து அட்டையை வாங்கியது, அவனும் எதிர்க்காமல் கொடுத்தான், பஞ்சு மூக்கு அவன் எச்சிலில் ஈரமாக இருந்தது. மாட்டிக்கொண்டேன். மண்டி போட்டேன், பிறகு கையையும் ஊன்றினேன், சிமெண்டுத் தரை உள்ளங்கையில் ஜில்லென்று இருந்தது, பேண்ட் முட்டியில் எங்கோ ஒரு தையல் விட்டது. நான்கு காலில் நடந்து பஸ்ஸில் ஏறினேன். அட்டையின் இரண்டு ஓட்டை வழியே மிதுனாவின் செருப்பில்லாத கால் தெரிந்தது. "மே" என்றேன். யாரும் சிரிக்கவில்லை. "ஏ கண்டக்டரக்கா, எங்குட்டிக்குக் காய்ச்சல். காலனி ஸ்டாப்ல எறங்கணும். நிப்பாட்டுவீங்களா?"

நேற்றுச் சொல்லிக்கொடுத்ததில் இந்தக் கேள்வி கிடையாது, பதினேழு பேரும் ஜன்னலைப் பார்க்கிறார்கள், ஜன்னலில் உதடு அசையவில்லை, டீச்சர் வாயில் முந்தானையை வைத்துக்கொண்டிருக்கிறார். பின்னால் பேனா நின்றுவிட்டது, அது நின்றதும் கேட்கிறது, மூடி போடுகிற சத்தம். நான் நான்கு காலில் நிற்கிறேன். இருபது வயது. மீசை இருக்கிறது. தலையைத் தூக்கினால்தான் ஓட்டை வழியே இவ்வளவும் தெரிகிறது, தூக்கினால் அட்டை மூக்கில் இடிக்கிறது, எத்தனை விநாடி என்று தெரியவில்லை, பத்தா, முப்பதா, அத்தான் சிரிக்கிறார், நைட் ஷிப்டு மாப்ள. நான் பதினொன்றும் பன்னிரண்டும் படிக்கும்போது எங்கள் ஊர் ஸ்டாப்பிலும் போர்டு இருந்தது. தினமும் காலையில் கையை நீட்டுவேன், பஸ் மெதுவாகும், மெதுவாகி, போய்விடும். போனது போகட்டும், நீட்டின கையை என்ன செய்வது? அதுதான் பிரச்சினை. எதிர்ப்பக்கம் டீக்கடையில் ஆட்கள் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அப்படியே தலைக்குக் கொண்டுபோய் முடியை ஒதுக்குகிற மாதிரி ஒதுக்கிக்கொள்வேன், பஸ்ஸுக்காகக் கையே நீட்டாதவன் மாதிரி. இரண்டு வருடம் அப்படித் தலை சீவியிருக்கிறேன். இப்போது அதற்கும் வழியில்லை, இரண்டு கையும் தரையில் இருக்கிறது. எழுந்துவிடலாம். விளையாட்டுக்குச் செய்தேன் சார் என்று சிரித்துக்கொண்டே எழுந்துவிடலாம், இன்னும் நேரம் போய்விடவில்லை. எழ மாட்டேன். பேசு மிதுனா. நீ என்ன சொன்னாலும் சரி, எனக்கு எழுதித்தராத எதையாவது ஒன்றைச் சொல். சொல்லாவிட்டாலும் பரவாயில்லை, நான் இப்படியே நிற்கிறேன்.

"அங்க நிக்காது" என்றாள் மிதுனா. மெதுவாக, பிறகு சத்தமாக, "ஏ ஆடு, எத்தன தடவ சொல்ல? அங்க நிக்காது. கோயில் ஸ்டாப்ல எறங்கி நடந்து வா." எனக்கு உடம்பெல்லாம் லேசானது. "என்னால நடக்க முடியாதே, குட்டி அழுவுமே." "அப்பம் நீ ஏறிருக்கக் கூடாது." "ஏ, குட்டிக்குக் காச்சல்ங்குதுல்ல?" இது ஷமீமா, மூன்றாவது சீட்டிலிருந்து, நேற்றுச் சொல்லிக்கொடுத்த எதுவும் அவளுக்கு இப்போது ஞாபகம் இல்லை என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது. "நிப்பாட்டுனா என்ன?" "டிரைவரு நிப்பாட்ட மாட்டாரு." "ஏலே டிரைவர், நிப்பாட்டுல!" சஞ்சய் ஹாரன் அடித்தான், அப்பாடா, வகுப்பே அதிர அடித்தான், "ஓனர் ஏசுவாரு" என்றான். ஓனர்! இந்த வயதில் இவனுக்கு ஓனரைத் தெரிந்திருக்கிறது. ஒரே கூச்சல், ஒருத்தி ஆட்டுக்காக அழத் தொடங்கினாள், இரண்டு பேர் பஸ் ஓடும்போதே எழுந்து நின்றார்கள், "கம்பியப் பிடி, கம்பியப் பிடி" என்று கத்தினாள் கண்டக்டர். அப்போது முகமூடியைப் பறிகொடுத்த இசக்கிராஜா, இதுவரைக்கும் ஓரமாக முறைத்துக்கொண்டு நின்றவன், கதையை ஒரே போடாகப் போட்டான். "ஆடு டிக்கெட்ட எல்லாந் தின்னுருச்சு!" அவ்வளவுதான், பஸ் முழுக்கக் கொண்டாட்டம், "தின்னுரு, தின்னுரு", மிதுனா டிக்கெட் கட்டைப் பின்னால் ஒளிக்கிறாள், பறிக்கிறார்கள், நாலுகோடு நோட்டிலிருந்து கிழித்த துண்டுகள் அட்டைக்குக் கீழே என் வாய்க்கு வருகின்றன. தின்றேன். நிஜமாகவே மென்றேன், அவர்கள் இவ்வளவு பக்கத்திலிருந்து பார்க்கும்போது பொய்யாக மெல்ல முடியாது. நோட்டுத் தாள் முதலில் ருசியே இல்லாமல் இருக்கிறது, மெல்ல மெல்லச் சுண்ணாம்பு மாதிரி நாக்கில் பிடிக்கிறது. "டிக்கெட் இல்லன்னா செக்கிங் பிடிப்பாங்க" என்று யோசித்தாள் மிதுனா, கவலையாக, நெற்றியில் கை வைத்து. "ஆட்ட எறக்கி விட்டுருவோம்." எங்கே இறக்குவது என்று இன்னும் சொல்லவில்லை. எல்லாரும் அவளையே பார்க்கிறார்கள். ஜன்னலை ஒருவரும் பார்க்கவில்லை.

இரும்பு நாற்காலி தரையில் கிறீச்சிட்டது. சார் எழுந்துவிட்டார். பெரியவர்கள் எழுந்தால் வகுப்பும் எழுந்து வணக்கம் ஐயா என்று இழுக்க வேண்டும், இன்றைக்கு ஒருவரும் எழவில்லை, பஸ் ஓடிக்கொண்டிருக்கிறது. அவருடைய கறுப்பு ஷூ இரண்டும் என் ஓட்டைக்குள் வந்து நின்றன. "பரமகுரு, எந்திரிய்யா." குரலில் கோபம் இல்லை, அதுதான் கஷ்டமாக இருந்தது, அலுத்துப்போன ஒரு மனுஷன், பாவம். "நல்லாத்தானே போய்ட்டு இருந்துச்சு? என்ன கோட்டி பிடிச்சிருக்கு ஒனக்கு? வேஷங்கட்டுறவன் மாதிரி தெருக்கூத்தா ஆடுத? இந்தா பாரு, இன்னும் பத்து நிமிஷம் இருக்கு. பிள்ளைகள உக்கார வச்சு, மொதல்ல சொன்னாங்கள்லா, அத அப்படியே ஒருதடவ சொல்ல வையி. நான் கையெழுத்தப் போட்டுட்டுப் போய்க்கிட்டே இருக்கேன். எனக்கு இன்னும் ரெண்டு ஸ்கூல் பாக்கி." நியாயமான ஆள். பத்து நிமிடம், ஒரு கையெழுத்து. "தம்பி, சார் சொல்லுதாங்கள்லா, எந்திரி தம்பி" என்று ஜன்னலோரம் டீச்சரின் குரல் அழுகிற மாதிரி கேட்டது. கையெழுத்து. வாத்தியார். அம்மாவிடம் போனில் சொல்வேன், அம்மா பக்கத்து வீட்டுக்குச் சொல்வாள், அத்தான் மில்லில் சொன்னதைத் திருப்பிச் சொல்லிக்கொள்வார். பயமாக இருந்தது, இல்லை என்று சொல்லமாட்டேன். ஆனால் என் முதுகில் ஒரு கை இருக்கிறது. மிதுனா, பஸ் குலுங்கும்போது ஆடு விழுந்துவிடக் கூடாது என்று சட்டையைக் கொத்தாகப் பிடித்திருக்கிறாள். இப்போது நான் எழுந்தால் அந்தக் கை என்ன ஆகும்? எங்கே போய் எதை ஒதுக்கும்? வாயில் இருந்த தாளை விழுங்கினேன். தொண்டையில் உராய்ந்துகொண்டு இறங்கியது.

"சார், ஆடு இன்னும் எறங்கல சார்."

ஷூவுக்கு மேலே பேனா மூடி திறந்தது. பிறகு மேலே பேனா ஓடுகிற சத்தம், நின்றபடியே, உள்ளங்கையில் நோட்டை வைத்து எழுதுகிறார், எழுதுவதை வாய்விட்டுச் சொல்லவும் செய்தார், எனக்குக் கேட்கட்டும் என்றுதான், "பாடம், திட்டப்படி, நடக்கவில்லை. மீண்டும், எடுக்க, வேண்டும்." முற்றுப்புள்ளியை அழுத்தி வைத்தார். நோட்டை நாற்காலியில் போட்டார். போச்சு. ஒரு வருடம், இந்தா, போச்சு, அத்தான், சூப்பர்வைசரிடம் சொல்லுங்கள். அல்லது சொல்லாதீர்கள், அடுத்த வருடமும் சீட்டுக் குலுக்குவார்கள், அடுத்த வருடமும் யூகேஜிதான் எடுப்பேன், ஜூனியர் பயல்கள் சிரிக்கட்டும், நன்றாகச் சிரிக்கட்டும். "ஏ ஆடு, தூங்காத, ஒன் ஸ்டாப்பு வருது" என்று சட்டையை இழுத்தாள் மிதுனா. "காலனி! காலனியெல்லாம் எறங்கு!" வாயாலேயே விசில் அடித்தாள், பாதி காற்றுதான் வந்தது. சஞ்சய் பிரேக் போட்டான், எல்லாரும் முன்னால் சாய்ந்து பின்னால் சாய்ந்தார்கள். ஸ்டாப் எங்கே என்றால் வாசல்படியில், அவர்களே வைத்தது, சார் போய்ச் சேர்ந்திருந்ததும் அதே வாசல்படி. "ஓரமா நில்லுங்க, ஆடு எறங்குது" என்றாள் கண்டக்டர். சார் பைலை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டு நிலைக்கதவோடு ஒட்டி நின்றார். நான் நான்கு காலில் அவரைத் தாண்டி வராந்தாவில் இறங்கினேன், வெயில் முதுகில் விழுந்தது. பின்னாலேயே இசக்கிராஜா இறங்கினான், "எங்க வீடும் இங்கதான்" என்றான். அவனுக்குப் பின்னால் ஒருத்தி. பிறகு இரண்டு பேர், கையைப் பிடித்துக்கொண்டு. பிறகு ஜன்னல் சீட்டுக்காரன். சார் போக வழியில்லாமல் நிற்கிறார், அவருடைய வயிற்றை உரசிக்கொண்டு ஒவ்வொருவராக இறங்குகிறார்கள், ஆறு, ஏழு, ஒன்பது, கண்டக்டரும் பையைத் தோளில் ஏற்றிக்கொண்டு இறங்கினாள். "ஏல, நீ எறங்காத, நீ டிரைவருல்ல?" என்று உள்ளே ஷமீமா கத்தினாள். சஞ்சய் தட்டை நாற்காலியில் வைத்தான். அவன் வீடும் காலனியில்தான்.